குழந்தை வண்டியில் போகும் பூனை

அன்புள்ள அம்மா, உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி பெவர்லி, தன் பூனையைக் குழந்தை வண்டியில் வைத்து, வலை போட்டு மூடித்தான் வெளியே தள்ளிக்கொண்டு போவாள். நம் இஸ்தான்புல் பூனைகள் பார்த்தால் காறித் துப்பும்.

நேற்று அது கதவருகே நின்று கத்தியது. நம் ஊர்ப் பழக்கத்தில் யோசிக்காமல் திறந்துவிட்டேன்.

"ஏம்மா நெர்மின், உனக்குப் பைத்தியமா? இந்த ஆஸ்திரேலியாவுல இருக்கிற பறவையையெல்லாம் தின்னுடும்! கார்ல வேற அடிபடும்!" என்று பெவர்லி அலறினாள்.

"எங்க ஊர்ல கசாப்புக் கடை வாசல்ல பூனைதான் முதலாளி மாதிரி உக்காந்திருக்கும். கார்காரன்தான் இறங்கி வழிவிடச் சொல்லிக் கேக்கணும்" என்றேன்.

பறவையைத் தின்னுமாம்! அந்த மாவீரன் புல்லில் ஒரு கால் வைத்தான். ஈரம் பட்டதும் உதறிக்கொண்டு ஓடிவந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தான். நாள் முழுக்க ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதெல்லாம் ஒரு பிழைப்பா?

உலர்ந்த புதினா கொஞ்சம் அனுப்புங்கள். நம் வாசலில் படுத்திருக்கும் சாம்பல் பூனையின் படமும் வேண்டும், பின்னால் தெரு தெரிகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். ஜன்னலோரம், அந்தப் பூனைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் நெர்மின்