முந்நூற்றுப் பத்து கிராம்

ஜனவரி 4

வீட்டுக்காரிக்கு,

நலம். நீயும் நலமாய்த்தான் இருப்பாய், தம்பி வீட்டுச் சாப்பாடு அல்லவா.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறு எதுவும் இல்லை. சமையலறை டிஜிட்டல் தராசு செத்துவிட்டது. பேட்டரி மாற்றியும் கண் திறக்கவில்லை. வேளைக்கு நூற்றைம்பது கிராம் சோறுதான் என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். கடையில் இரண்டு வகை காட்டுகிறான். ஒன்று மறுபடியும் டிஜிட்டல். இன்னொன்று முள் வைத்த ஸ்பிரிங் தராசு, நீ கட்டிக்கொண்டு அழுதாயே, அந்த ரகம். முப்பது வருஷம் மருந்துக்கடையில் மில்லிகிராம் பார்த்தவனுக்கு முள்ளுத் தராசு கேவலம்தான். ஆனால் பேட்டரித் தொல்லை இல்லை. எதை வாங்கலாம்? அடுப்படி உன் இலாகா என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் புருஷன்


ஜனவரி 11

மருந்துக்கடைக்காரருக்கு,

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம். அதுவும் தராசுக்காக! அடேயப்பா, என்ன பாசம்.

முள்ளுத் தராசே வாங்குங்கள். பேட்டரி வேண்டாம், பட்டன் வேண்டாம், கீழே விழுந்தாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். பத்து கிராம் முன்னே பின்னே காட்டும். காட்டட்டுமே, தங்கமா நிறுக்கப்போகிறீர்கள்? என் தராசும் அப்படித்தான் காட்டியது. அதை என்னைக் கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத்தானே அந்தக் கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

உங்கள் சோற்றை எடை போட்டீர்கள். சரி, சர்க்கரை வியாதி. என் சோற்றையும் எடை போட்டீர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தம்பி இரண்டு நாள் லாரி ஓட்டிவிட்டுப் பசியோடு வந்து உட்கார்ந்தான். சோற்றில் கை வைத்தவனின் தட்டை இழுத்துத் தராசில் வைத்து, "மச்சான், முன்னூத்திப் பத்து கிராம்! இத ரெண்டு ஆள் சாப்பிடலாம்" என்று சிரித்தீர்களே. அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனான். மனுஷன் செய்கிற வேலையா அது? தூ!

அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள். "தப்புதான் மச்சான்." அவ்வளவு போதும். எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம்


ஜனவரி 20

வீட்டுக்காரிக்கு,

நீ சொன்னபடியே வாங்கிவிட்டேன். சகிக்கவில்லை. நேரே நின்று பார்த்தால் நூற்றைம்பது, சாய்ந்து பார்த்தால் நூற்றறுபது. ஒன்றும் வைக்காமலே முள் ஐந்தில் நிற்கிறது. இந்த லட்சணத்தில்தான் இத்தனை வருஷம் கேக் சுட்டாயா? வந்து ஒரு தடவை பார். உன் கைக்குத்தான் அது அடங்கும். நேற்றும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன், பழக்கதோஷம். பாதி வீணாகப் போனது.

உன் தம்பி விஷயம் யோசித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை. தராசு காட்டியதைத்தான் சொன்னேன். முந்நூற்றுப் பத்து என்றால் முந்நூற்றுப் பத்துதான். உண்மையைச் சொன்னதற்காக ஒரு லாரிக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை.

எந்த பஸ் என்று எழுது.

புருஷன்


பிப்ரவரி 2

ஐயா,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே இங்கே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மாவு, உப்பு, ஈஸ்ட் எல்லாமே டிஜிட்டல் தராசில்தான். சத்தியமாய்ச் சொல்கிறேன், அருமையான சாமான். கிண்ணத்தை வைத்துப் பட்டனைத் தட்டினால் பூஜ்யம், அப்புறம் கொட்டுகிற மாவு மட்டும்தான் கணக்கு. ரொட்டி தினமும் ஒரே மாதிரி எழும்புகிறது. இத்தனை நாள் அதைத் திட்டியது என் தப்பு. அதனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதனால் நீங்கள் டிஜிட்டலே வாங்கிக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டவில்லை. "மாமா என்னக்கா எழுதியிருக்காரு?" என்று கேட்டான். தராசு வாங்கியிருக்கிறாராம் என்றேன். "நல்லதா பாத்து வாங்கினாரா? அவர ஏமாத்திடப் போறாங்க" என்று கவலைப்பட்டான், அந்த லாரிக்காரன். பேசிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஆளுக்கு அரிசி அறுபது கிராம். வெந்தால் உங்கள் நூற்றைம்பது வந்துவிடும். இனிமேல் அந்த அளவே போடுங்கள்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரி