நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தவருக்கு

இன்று காலை ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டியதும் அந்த வாடை வந்தது. ஈரச் சுவரும் பழைய சாக்கும் கலந்தாற்போல் ஒரு பூஞ்சை நெடி. கிடங்கில் வண்டு பிடிக்காமலிருக்க மூட்டைகளுக்கு நடுவே உம்முடைய பூச்சிப் பொடியைத் தூவியிருக்கிறார்கள். நாலு தண்ணீரில் களைந்தும் போகவில்லை. தூக்கிப் போடவும் முடியாது. இந்த வாரத்துக்கு அந்த அரிசிதான். வடித்துச் சாப்பிட்டேன். கவளத்துக்குக் கவளம் உம் நினைவு வந்தது. இப்படி ஓர் அஞ்சலி வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

நீர் போய் மூன்று மாதமாகிறது. தியாகராய நகரில் மண்டபம் பிடித்து இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். “உழவர்களின் உற்ற தோழர்” என்றார் ஒருவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்திலிருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உயிரோடு இருந்தவரை உம்மை ‘சார்’ என்றேன், ‘நீங்கள்’ என்றேன். இந்தக் கடிதத்துக்கு ‘நீர்’ போதும். அதுவே கொஞ்சம் அதிகம்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் உம்மிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பா அப்போதுதான் காலமாகியிருந்தார். சாந்தோமிலிருந்து லஸ் வரைக்கும் நடந்து வந்து உம் ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். எனக்கு இங்கிலீஷும் தமிழும் தெரியும் என்றதும் உம் கண்ணில் ஒரு வெளிச்சம். அதற்கு முன்னால் நீர் சைதாப்பேட்டைக் கடைத்தெருவில் கடலைப் புண்ணாக்கு விற்றவர். வயலுக்கு எருவாகப் போடவும் மாட்டுக்கு வைக்கவும் சனங்கள் அதைத்தான் வாங்கினார்கள். மாடிக்கு வந்த பிறகு புண்ணாக்கு என்ற சொல்லே உமக்குப் பிடிக்காமல் போயிற்று. சீமை உரம், சீமைப் பொடி. வாயைத் திறந்தால் சீமைதான்.

சேர்ந்த முதல் வாரத்தில் தொழிலை எனக்கு விளக்கினீர். “அரிசி எங்கேர்ந்து வந்துக்கினு இருந்திச்சி? பர்மாலேர்ந்து. அது நின்னு பூட்ச்சி. இப்போ சர்க்கார் இன்னா சொல்லுது? இங்கியே வெளைய வெய்யின்னு செவுத்துக்குச் செவுரு எய்தி வெச்சிக்கீது. அந்தாண்ட பார்த்தா, சண்டையில சோல்ஜருங்களுக்குப் பூச்சி அண்டக் கூடாதுன்னு செஞ்ச பொடி சீமையில மலையாட்டம் மிச்சம் கீது. அத்த எங்கனா தள்ளணும். நம்ம ஊர வுட்டா அவனுக்கு வேற எடம் ஏது, சொல்லு?”

“எல்லா வயல்லயும் பூச்சி இருக்கா சார்?” என்று கேட்டேன். வெகுளியாகத்தான் கேட்டேன்.

“பூச்சி இல்லாங்காட்டி இன்னாம்மா? பயம் கீதுல்ல? பக்கத்துக் கொல்லைக்காரன் தூவிட்டான்னா இவனுக்குச் சோறு எறங்காது. அதாம்மா யாவாரம்.”

உம் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, மாதா மாதம் விற்பனையைச் சிவப்புப் பென்சிலால் கோடாக இழுத்து வந்தீர். முதலில் செங்கல்பட்டுப் பக்கத்து மிராசுதார்கள் வாங்கினார்கள். அடுத்துக் கத்தரிக்காய் போடுகிறவர்கள், கீரை போடுகிறவர்கள். பஞ்சம் வந்தால் கோடு ஏறும். மழை தப்பினால் ஏறும். ரேஷனில் அரை வீசை குறைத்தால் ஏறும். ஊருக்கு ஒரு கேடு வந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது உம் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சந்தைகளில் நீர் காட்டிய வேடிக்கை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் முடியாது. ஒரு வெள்ளிச் சிமிழைத் திறந்து, வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, நாக்கால் நக்கிக் காட்டுவீர். “பாத்துக்கோ நைனா! எனக்கு இன்னா ஆச்சி? பூச்சிக்குத்தான் எமன், மன்சனுக்கு ஒண்ணும் பண்ணாது.” கூட்டம் வாய் பிளந்து பார்க்கும். சிமிழில் இருந்தது பச்சரிசி மாவு. நிரப்பிக் கொடுத்தவள் நான். முதல் தடவை பாதி மாவைச் சிந்தினேன். பிறகு சிந்தவில்லை. உம்மைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் இதை ஒளித்தால் உமக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

டப்பாவில் ஒட்டும் சீட்டையும் நான்தான் தமிழில் எழுதினேன். இங்கிலீஷில் இருந்தபடி, “இது விஷம். உடம்பில் படக்கூடாது. சமையல் சாமான்களோடு வைக்கக்கூடாது” என்று எழுதிக் கொண்டுவந்தேன். மூன்று வாக்கியத்தையும் ஒரே இழுப்பில் அடித்தீர். “விஷம்னு போட்டா எவன் வாங்குவான்? மருந்துன்னு போடு.” பூச்சி மருந்து என்றுகூட இல்லை. ‘பூச்சி’யைச் சிறிய எழுத்தில், ‘மருந்து’ மட்டும் பெரிதாக. எழுதிக் கொடுத்தேன்.

அஞ்சலை வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. வேளச்சேரியில் குத்தகை நிலத்தில் கத்தரி போடுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். படியேறி வந்து வாசலிலேயே நின்றாள். கையில் நம் டப்பா.

“சந்தையில நீதானே சாமி நாக்குல வெச்சிக் காட்டின? மேல மருந்துன்னு போட்டுக்கீதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. எம் பொண்ணு தலையெல்லாம் பேனு. எண்ணெயில கொழைச்சித் தடவி வுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள கை காலெல்லாம் வெட்டி இழுத்துக்கிச்சி. பத்து நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. இன்னமும் இழுக்குது. நீ துன்னும்போது ஒண்ணும் ஆவலியே சாமி, அவளுக்கு மட்டும் ஏன் இப்டி?”

அவள் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்.

“பேனு போச்சா, இல்லியா?”

அவள் திகைத்துப் போய், “போச்சி” என்றாள்.

ஒரு மூட்டை சீமை உரத்தை இனாமாகக் கொடுத்து அனுப்பினீர். அன்று சாயங்காலமே பேனுக்கென்று தனியாகச் சின்ன டப்பா போட்டால் எப்படி ஓடும் என்று என்னிடம் யோசனை கேட்டீர். உம்மை எத்தனையோ விதமாக வெறுத்திருக்கிறேன். அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

அடுத்த தடவை சீட்டு அச்சடிக்க கச்சேரி ரோடு அச்சாபீசுக்குப் போனபோது, மூலத்தை மாற்றிக் கொடுத்தேன். அச்சுக்கோக்கிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “விஷமா? இத்தப் பெரிசா போடணுமாம்மா?”

“இருக்கறதுலயே பெரிய எழுத்தா போடுங்க. முதலாளி சொன்னாரு.”

சரக்கு ஊர் ஊராகப் போய்விட்டது. நான் வேலை போகும், போலீஸ்கூட வரலாம் என்று தினமும் ஜபமாலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து நீர் கூப்பிட்டீர். மேஜையில் செங்கல்பட்டுக் கடைக்காரர் ஒருவரின் கடிதம் இருந்தது. விஷம் என்று போட்ட டப்பாவையே இனி அனுப்பவும், சனங்கள் அதுதான் கெட்டிச் சரக்கு என்று கேட்டு வாங்குகிறார்கள், பழைய டப்பாவைத் தொடுவாரில்லை என்று எழுதியிருந்தார்.

நீர் வயிறு குலுங்கச் சிரித்தீர். “மூளைக்காரிம்மா நீ! எனக்குத் தோணலியே இது!”

நான் உம்மை எதிர்த்துச் செய்த ஒரே காரியம் அது. அதையும் சிவப்புக் கோட்டில் ஏற்றிவிட்டீர். மறுநாள் என் மேஜையை மின்விசிறிக்கு அடியில் நகர்த்திப் போடச் சொன்னீர். நான் ராஜினாமாவை முகத்தில் வீசிவிட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஏழு மாதம் அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தேன்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வேளச்சேரிக்குப் போனேன். அஞ்சலையின் மகள் செல்லி வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு முகத்தில் இரண்டு தீக்காயம். வலிப்பு வந்து அடுப்பில் சாய்ந்திருக்கிறாள். அஞ்சலை என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “யம்மா, கத்தரியில திரும்பப் புழு வுழுந்துக்கீது. அந்தப் பொடிக்கெல்லாம் இப்போ அது சாவ மாட்டேங்குது. அத்த வுடக் கெட்டியா எதுனா வந்துக்கீதா?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை வேலையை விட்டேன். நீர் அப்போதும் சிரித்தீர். “போனா போ. நீ எய்தின சீட்டு எங்கிட்டத்தானே கீது.” உண்மைதான். நீர் சாகும்வரை அது ஓடியது. உமக்குப் பிறகும் ஓடுகிறது.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறேன். சனிக்கிழமைகளில் வேளச்சேரிக்குப் போகிறேன். அஞ்சலை சந்தைக்குப் போகும் நாள் அது; செல்லியைத் தனியே விட முடியாது. வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயோர நுரையை எப்படித் துடைப்பது என்று என் கைகள் பழகிவிட்டன. அடங்கச் சில நாள் பத்து நிமிஷம்கூட ஆகும்; அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். கண் திறந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

“ரொம்ப நேரம் இழுத்துக்கிச்சாக்கா?”

“இல்லடி கண்ணு. இப்பத்தான், ஒரு நொடி.”

சொல்லும்போது என் குரல் பிசகுவதில்லை, கண் தாழ்வதில்லை. அவள் அப்படியே நம்பி எழுந்து உட்காருகிறாள். உம்மிடம் கற்றுக்கொண்டதில் மிச்சம் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.