கேள்விக்கு நடுவே ஒரு பொன்னாடை

சனிக்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் நீரிழிவு நோயாளர் சங்கத்தின் கூட்டம் இன்று புக்கிட் ரோத்தானில் நடந்தது. மண்டப வாடகை, சாப்பாடு எல்லாம் ஒரு மருந்து நிறுவனத்தின் செலவு. பேச வந்தவரும் அந்த நிறுவனத்தின் ஆள்தான். தங்களுடைய புதிய ஊசியைப் பற்றி மட்டுமே பேசினார்.

ஈஜோக்கிலிருந்து வந்திருந்த லெட்சுமி எழுந்து கேட்டார். "ஐயா, கிளினிக்குல குடுக்குற மாத்திரைய நிறுத்திட்டு இத போட்டுக்கலாமா?"

நிறுவனத்து ஆள் எங்கள் தலைவரைப் பார்த்தார். தலைவர் என் காதருகே குனிந்தார். "செயலாளரே, பொன்னாடைய போத்துங்க லா. சாப்பாடு போட்டவர சங்கடப்படுத்தாதீங்க."

கேள்விக்குப் பதில் வருமுன்பே அவருக்குப் போர்த்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். லெட்சுமியும் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் அவர் என்னிடம் சிரித்தபடி சொன்னார்: "சார், மகன்கிட்ட சொல்லி அந்த ஊசிய வாங்கப் போறேன். மாத்திரைய இன்னையோட விட்டுடுறேன். நீங்களே மரியாத செஞ்சீங்களே, நல்ல மருந்தாத்தான் இருக்கும்."

"டாக்டர கேக்காம எதையும் விடாதீங்கம்மா" என்றேன். என் குரல் எப்போதும் சின்னது. "சாருக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று பக்கத்திலிருந்தவர் கிண்டல் செய்தார். லெட்சுமி சிரித்துக்கொண்டே வேனில் ஏறிவிட்டார்.

சங்கம் நோயாளிகளுக்கா, நிறுவனத்துக்கா என்று தலைவரிடம் கேட்டேன். "அவங்க இல்லன்னா கூட்டமே இல்ல சார்." அப்படியானால் கூட்டமே வேண்டாம். இதை அவரிடம் சொல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

லெட்சுமியின் மகனை அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. விடிந்ததும் ஈஜோக் போகிறேன். காலை மாத்திரை நேரத்துக்குள் போய்விட வேண்டும். இந்த முறை சத்தமாகச் சொல்ல வேண்டும்.