கல் ரயிலில் ஏறிய நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர்

அனுப்புநர்:
மின்வாரியக் கணக்கீட்டாளர் (ஓய்வு),
7, வளைவுத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய கல் ரயில் நிலையத்து வரலாற்றுப் பலகையைத் திறப்பு விழாவுக்கு முன் திருத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

1. குவாரியிலிருந்து துறைமுகம் வரை பதினொரு மைல் ஓடிய சிறு ரயில்பாதையின் வரலாற்றை ஒன்பது ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். மீட்டர் பார்க்கப் போகையில், எங்கள் தெரு மட்டும் ஏன் வில்லாக வளைந்திருக்கிறது என்று யோசித்ததில் தொடங்கியது இது. தண்டவாளத்தை ஒட்டிக் கட்டிய வீடுகள் அவை. வேலைவெட்டி இல்லாத வேலை என்று சொன்ன என் மனைவியே இன்று கோப்புகளுக்கு நூல் கட்டித் தருகிறார்.

2. சென்ற வாரம் நிறுவப்பட்ட பலகை, "இப்பாதையில் கல்லைத் தவிர எதுவும் சென்றதில்லை, ஓட்டுநரின் அலட்சியத்தால் எஞ்சின் இழக்கப்பட்டு, பாதை மூடப்பட்டது" என்கிறது. இரண்டுமே தவறு.

3. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அணை உடைந்த அன்று, ஓட்டுநர், எஞ்சினுக்குக் கரி அள்ளுபவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் எஞ்சினை எடுத்தார். தாழ்வான பகுதியில் இருந்தவர்களைக் கல் வண்டிகளில் ஏற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேட்டில் இறக்கினார். மூன்று நடை. மூன்றாம் நடை கடந்த சற்று நேரத்தில் பாலம் போயிற்று. எஞ்சின் அக்கரையிலேயே நின்றுவிட்டது.

4. ரயில்வே கேட்டில் பணியிலிருந்த பெண், ஏறியவர்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்: 64, 71, 58. அந்தப் பதிவேடு தங்கள் அலுவலகப் பதிவறையிலேயே இருக்கிறது. "கல்லு ஏத்துன கணக்கு சார், அதுல என்ன இருக்கப்போகுது" என்றார் எழுத்தர். பிறகு அவரே ஏணி பிடித்தார், நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

5. கேட் காவலரின் மகள் ஓய்வுபெற்ற செவிலியர். இரண்டாம் நடையில் ஏறியவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அம்மா கடைசி வண்டியிலதான் ஏறுனாங்க. யாரையாவது விட்டுட்டோமோன்னு திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டே இருந்தாங்களாம்."

6. ஓட்டுநரைக் குவாரி நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. அந்த ஆணையில் உள்ள குற்றச்சாட்டு, "அனுமதியின்றி மூன்று முறை ஆட்களை ஏற்றிச் சென்றது." இதைவிட நல்ல சான்றிதழ் எவருக்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

7. அவருடைய மகன் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எஞ்சினைத் தொலைத்தவன் பிள்ளை என்ற பேச்சைப் பள்ளி நாள் முதல் கேட்டவர். பலகை வந்த அன்று, கையில் இருந்த டியூபுடன் வந்து நின்று படித்தார். பிறகு கடைக்குத் திரும்பினார். மறுநாள் ஆணையின் நகலை அவரிடம் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டு, "அப்பா இதை எங்ககிட்ட சொன்னதே இல்லையே" என்றார். அன்று மாலை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

8. முப்பத்தோராண்டு வீடு வீடாக எண் பார்த்து எழுதியவன் நான். எண்ணில் பிழை விட்டதில்லை. பதிவேட்டுப் பக்கம், வேலைநீக்க ஆணை, செவிலியர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆகிய மூன்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

9. ஆகவே, வெள்ளிக்கிழமை திறப்புக்கு முன் பலகையை மாற்றி, ஓட்டுநர், கரி அள்ளியவர், கேட் காவலர் ஆகிய மூவரையும், 193 என்ற எண்ணையும் அதில் பொறிக்க ஆணையிடக் கோருகிறேன். ஆய்ந்து எழுதியவன் பெயர் வேண்டாம் என்று எழுத முயன்றேன், மனம் வரவில்லை. அடியில் சிறிய எழுத்தில் போட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் இடம் ஒன்றுக்குத்தான் இருக்குமென்றால், அந்த எண்ணைப் போடுங்கள்.

இடம்: வளைவுத் தெரு
நாள்: மார்ச் 14

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மின்வாரியக் கணக்கீட்டாளர் (ஓய்வு)