சாரி கார்டு மாட்டிய வெளிநாட்டு வண்டி

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு பழைய டீ-சர்ட்டை உதறிக் காட்டி, "ஏங்க, இதக் கிழிச்சு அடுப்புத் தொடைக்க வச்சுக்கிடட்டா?" என்று கேட்டாள். பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். பாவம், பயந்துவிட்டாள். துணி வெங்காயத் தோல் மாதிரி நைந்துவிட்டது. நெஞ்சில் அடித்த படம் மட்டும் அப்படியே இருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீங்கள் சாரி கார்டு வரைந்த அந்த வெளிநாட்டு மோட்டார் சைக்கிள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து அருள்புரத்தில் அந்தப் பிரிண்டிங் கம்பெனியில் நான் சேர்ந்தபோது, நீங்கள் அங்கே ஸ்கிரீன் போட்டுக்கொண்டிருந்தீர்கள். படத்தை ஃபிலிமிலிருந்து சட்டத்தில் கட்டிய வலைத்துணிக்கு ஏற்றித் தருவது உங்கள் வேலை. அதைத் துணிமேல் வைத்துச் சாயம் இழுப்பது என் வேலை. உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சத்தத்தைத்தான் கேட்டேன். கரண்ட் இருக்கும்போதே ஜெனரேட்டர் எதற்கு ஓடுகிறது என்று நான் விழிக்க, மேசைக்கு மேசை சிரித்தார்கள். வாசலில் உங்கள் டீசல் மோட்டார் சைக்கிள் வந்து நின்றிருந்தது.

"பைக்குல டீசலா? இதென்ன கூத்துண்ணே?" என்றேன்.

"ஏனுங் தம்பி, தண்ணி எறைக்கறதுக்கு ஆகுது, வண்டி ஓட்டறதுக்கு ஆகாதுங்களா?" என்றீர்கள். கொமரலிங்கத்தில் வயலோரத்து டீசல் இன்ஜின் சத்தத்தில் வளர்ந்த ஆள் நீங்கள். மற்ற வண்டிகளின் சத்தமெல்லாம் உங்கள் காதில் கொசுவாகத்தான் விழுந்தது.

அதைக் கிளப்புவது லேசுப்பட்ட வேலையா? சின்ன லீவர் ஒன்றை அழுத்தி இன்ஜினின் இறுக்கத்தைத் தளர்த்தி, கிக்கரைப் பதமான இடத்துக்குக் கொண்டுவந்து, உடம்பு மொத்தத்தையும் இறக்கி ஒரே மிதி. கொஞ்சம் பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும். நீங்கள் ஒரே மிதியில் கிளப்பிவிட்டு எங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே உங்களைத் திட்டலாம் போலிருக்கும்.

நமக்கு வந்த ஆர்டர்களில் பாதி மோட்டார் சைக்கிள் படங்கள்தாம். பெரிய டேங்க், அகலமான டயர், பளபளக்கும் குழாய்கள். ஒன்றுகூட நம் ரோட்டில் ஓடிப் பார்த்ததில்லை. ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையரின் ஆள் விட்டுப்போன புத்தகத்தில், டீசலில் ஓடி, பட்டனைத் தொட்டால் கிளம்பும் வண்டியின் படம் ஒன்று இருந்தது. அதை வெட்டி ஃபிலிம் கழுவும் இருட்டறைக் கதவில் ஒட்டினீர்கள். "நாம அடிச்சு அனுப்பறோம், அவிங்க ஓட்டறாங்க. ஒண்ணே ஒண்ணு இந்தப் பக்கம் வந்தா என்னுங்க?" என்பீர்கள். டீ குடிக்கப் போகும் வழியில் இருந்த மோட்டார் சைக்கிள் கடைக்குள் நுழைந்து, "வெளிநாட்டு டீசல் வண்டி எப்பங்க வரும்?" என்று நீங்கள் கேட்க, அங்கிருந்தவர்கள், "அடுத்த மாசம் வருதுங்ணா" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். அடுத்த மாதம் நீங்கள் மறுபடி போய் நிற்பீர்கள். எனக்குத்தான் மானம் போகும்.

அப்புறம் அந்த ஆர்டர் வந்தது. பையர் அனுப்பிய படத்தில் பின்சக்கரத்துப் பக்கம் தெளிவில்லை. ஃபிலிமில் நீங்களே பிரஷ்ஷால் மை தொட்டுச் சரிசெய்தீர்கள். செய்யும்போது, பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க நம்மூரில் மாட்டும் கம்பிக் கூண்டையும் சேர்த்து வரைந்துவிட்டீர்கள். சாயம் இழுத்த எனக்கு அது உறுத்தவில்லை. பீஸ் பார்த்த பெண்களுக்கும் உறுத்தவில்லை. மடித்துப் பெட்டியில் அடுக்கியவர்களுக்கும் உறுத்தவில்லை. சாரி கார்டு இல்லாத வண்டியை ரோட்டில் நாங்கள் யாருமே பார்த்ததில்லை, அண்ணே.

கடைசியில் சோதிக்க வந்த வெள்ளைக்காரர் அதன்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். முதலாளியும் அப்போதுதான் பார்த்தார். ஆர்டர் முழுக்க ரிஜெக்ட் ஆகி மட்ட விலைக்கு விற்கும் செகண்ட்ஸாகக் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போனது; ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாளி உங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "யாரைக் கேட்டய்யா வரைஞ்சே?" என்று கத்தினார்.

"நம்மூருக்கு வந்தா மாட்டித்தானுங்க ஆகோணும்" என்றீர்கள்.

இப்படியா ஒரு மனிதர் பதில் சொல்வார்? மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். அன்றோடு உங்கள் வேலை போனது. வெளியே வந்து என்னிடம், "உங்கக்கா சேலை சிக்கி பல்லடம் ரோட்டுல உழுந்தாளே, அதுலேர்ந்து பின்சக்கரம்னாலே கை தானா போயிருதுங்க தம்பி" என்றீர்கள். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி இன்றும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அதை முதலாளியிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு உங்களை யாரும் ஸ்கிரீன் போடக் கூப்பிடவில்லை. "சாரி கார்டுக்காரர்" என்ற பெயர் உங்களுக்கு முன்னாலேயே எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. துணி மூட்டைகளை வண்டியில் கட்டி நெருப்பெரிச்சல் ஊருக்கும் அருள்புரத்துக்கும் ஓட்டினீர்கள். பிறகு நெஞ்சில் நோய் வந்தது. இருமலில் உடம்பு பாதியானது. கால் நன்றாகத்தான் இருந்தது, மிதிக்க மூச்சுத்தான் இல்லை. ஞாயிறுதோறும் உங்கள் வீட்டுக்கு வந்து நான் வண்டியைக் கிளப்புவேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பீர்கள். பட்டன் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கித் தருவதாக உங்கள் மச்சான் சொன்னதற்கு மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

"அந்த வண்டி வந்திருந்தா நானே கெளப்பியிருப்பேனுங்க" என்றீர்கள் ஒருநாள். அப்போது நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

நீங்கள் போன அன்று பகலில் கரண்ட் போனது. உங்களைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் டீசல் தீர்ந்துபோக, வாசலில் நின்ற உங்கள் வண்டியிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி ஊற்றியிருக்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டேங்க் காய்ந்தால் பைப்பில் காற்று அடைத்துக்கொள்ளும், அப்புறம் என்ன ஊற்றினாலும் லேசில் கிளம்பாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உங்களைத் தூக்கும் நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, ஒருக்கா கெளப்புங்க சாமி. சத்தத்தக் கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். மிதித்தேன். காலியான டேங்கைத் திறந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. யாரோ கேனில் டீசல் வாங்கி ஓடிவந்தார்கள். ஊற்றி மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது, அப்போதும் மிதித்தேன். தூக்கியவர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? சத்தமில்லாமல் போனீர்கள், அண்ணே. உங்கள் கடைசிச் சொட்டு டீசலும் உங்களைக் குளிர்விக்கவே செலவானது.

டீ-சர்ட்டைப் பிடுங்கிய மறுநாள், மனம் பொறுக்காமல் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே வெளிநாட்டு வண்டிக் கடை திறந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டுக்கேட்டு அலுத்த அந்த அடுத்த மாதம் வந்துவிட்டது. பெரிய டேங்க், அகலமான டயர், பட்டன் ஸ்டார்ட். டீசலில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அதே சிரிப்பைச் சிரித்தார்கள். சுற்றிவந்து பின்சக்கரத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சாரி கார்டு. நீங்கள் மை தொட்டு வரைந்த அதே இடத்தில், அதே கம்பிக் கூண்டு.

"இது எப்படித் தம்பி இதுல இருக்கு?" என்றேன்.

"நம்ம நாட்டுல விக்கோணும்னா மாட்டித்தானுங்க சார் ஆகோணும். ரூல்ஸ்" என்றான் விற்கும் பையன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புடிக்கலைனா உடுங்க, டெலிவரி எடுக்கறப்பவே கழட்டித் தந்தர்றோம். வாங்கறவங்க எல்லாரும் மொத வேலையா அதைத்தான் கழட்டச் சொல்லுவாங்க" என்றான்.

கடைக்குப் பின்னால் கழற்றிப் போட்டவை குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அந்த டீ-சர்ட்டில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது, அண்ணே?