வாயில்லாத பிள்ளையும் பிழைக்கும்

ஆகஸ்ட் 5, திங்கள்

வாஷிங் மெஷின் செத்துவிட்டது. என் சீருடைச் சட்டையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே உயிரை விட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டி, திரும்ப மூடினார். "இதுக்குச் செலவு பண்றது தண்டம் சார். புதுசு வாங்கிடுங்க." உச்சுக்கொட்டியதற்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரி உடனே போனை எடுத்தாள். "தம்பிகிட்ட சொல்றேன். அவன் வந்து விலை பேசி முடிச்சிடுவான்."

வேண்டவே வேண்டாம் என்றேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் எங்களுக்கு ஒரு ஃபேன் வாங்கித் தந்தான், பாதி விலைக்கு. இன்றுவரை எப்போது வந்தாலும் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, "காத்து எப்படி வருது பாருங்க மாமா" என்பான். அந்த ஃபேன் காற்றில் எனக்கு வியர்க்கிறது. இனி துணியும் அவன் புண்ணியத்தில்தான் வெளுக்க வேண்டுமா?

"நானே விலை பேசி வாங்குகிறேன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "சரி. ஞாயித்துக்கிழமை அவன் வர்றான். அதுக்குள்ள வாங்கிட்டீங்கன்னா நீங்க. இல்லேன்னா அவன்."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவன் நான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஊரே என் வாயைத்தான் நம்புகிறது. ஆனால் ஒரு கடைக்காரர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இது என்ன வியாதி?

சாயங்காலம் கடைக்குப் போனேன். மெஷின்மேல் ஒட்டியிருந்த விலை முப்பத்திரண்டாயிரம். டை கட்டிய விற்பனையாளர் சிரித்த முகமாக வந்தார். தொண்டையைச் செருமி, "விலையைச் சற்றுக் குறைத்துத் தர இயலுமா?" என்றேன். பழக்கதோஷம், மைக் குரலிலேயே வந்துவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

"சார், பஸ் ஸ்டாண்டுல பேசுறது நீங்கதானா? மணி மாதிரி குரல் சார்!" என்றார் டைக்காரர். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். டீ வந்தது. அவர் பேசினார், நான் சிரித்தேன். வெளியே வரும்போது என் கையில் ஒரு இஸ்திரிப் பெட்டி இருந்தது. முழு விலை.

வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துவைக்காமலே தேய்ச்சுப் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

ஆகஸ்ட் 7, புதன்

மூன்று வாளித் துணி. அவளே பிழிந்து உலர்த்தினாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எங்கள் டைம் கீப்பர் பேரம் பேசுவதில் புலி. அவரிடம் யோசனை கேட்டேன். "ரொம்ப சுலபம்யா. விலையைக் கேளு. 'அப்ப வேணாம்'னு எழுந்திரு. திரும்பியே பாக்காம நட. வாசல் தாண்டுறதுக்குள்ள பின்னாலயே ஓடி வருவான் பாரு."

போனேன். கேட்டேன். "பிளாஸ்டிக் உறை ஒண்ணு ஃப்ரீயா தர்றோம் சார்" என்றார் டைக்காரர். "அப்ப வேணாம்" என்று எழுந்தேன். நடந்தேன். வாசலைத் தாண்டியதும், "சார்! சார்!" என்று பின்னாலேயே ஓடி வந்தார். அடடா, டைம் கீப்பர் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கம்பீரமாகத் திரும்பினேன்.

"குடையை விட்டுட்டீங்க சார்."

வாங்கிக்கொண்டேன். நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்று ராத்திரி அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. பிழிந்து பிழிந்து வந்த வீக்கம். "ஒண்ணுமில்ல, சுளுக்கு" என்றாள். அந்தக் கையை நம்பித்தான் அவளிடம் நாலு தெருப் பெண்கள் துணி கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு என்ன அப்படிப் பெரிய ரோஷம்? அவ தம்பிதானே? அன்னைக்கே அவன வரச் சொல்லியிருந்தா அவ கை நல்லாயிருந்திருக்கும் இல்ல? நான் ஜெயிக்கணும்னு அவ பிழியறா. வெக்கமா இருக்கு.

விடிவதற்கு முன் எழுந்து போர்வைகளை நானே துவைத்தேன். பாதித் தண்ணீர் என்மேல். ஈரத்தோடே வேலைக்குப் போனேன். நல்ல மழை, எல்லா வண்டியும் தாமதம், மைக் வேறு மக்கர் பண்ணியது. கத்தித் தீர்த்தேன். சாயங்காலம் "பயணிகளின் கனிவான" வரைக்கும் வந்தது. "கவனத்திற்கு" வரவில்லை. காற்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 10, சனி

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "நாலு நாள் வாயே திறக்கக் கூடாது."

"ஒரு வாரமாச் சொல்லுங்களேன் டாக்டர்" என்றாள் கூட வந்தவள்.

சாயங்காலம் மாத்திரை வாங்கப் போவதாகக் கைஜாடை காட்டிவிட்டு நேரே கடைக்குப் போனேன். பேரமாவது மண்ணாங்கட்டியாவது. முழு விலையையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மெஷின் வீட்டுக்கு வந்தால் போதும், அவள் கை பிழைத்தால் போதும்.

டைக்காரர் வந்தார். மெஷினைக் காட்டினேன். "முப்பத்திரண்டு சார்." எனக்குப் பேச வராது என்று சொல்ல, விரலால் தொண்டையைத் தொட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "கழுத்தறுக்கறோம்னு சொல்லாதீங்க சார். சரி, முப்பது."

ஐயையோ, அது இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இருபத்தொன்பது. ஸ்டாண்டும் சேர்த்து."

இரண்டு கையையும் விரித்து, வாயைக் காட்டி, வேகமாகத் தலையாட்டினேன். அவர் உள்ளே ஓடி மேனேஜரைக் கூட்டி வந்தார். "அன்னைக்கு மணியாட்டம் பேசினாரு சார். முந்தாநாள் எழுந்து போனாரு. இன்னைக்கு வாயே திறக்க மாட்டேங்கறாரு. ரொம்பக் கோவத்துல இருக்காரு." மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு இருமல் முட்டியது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இருபத்தேழு" என்றார் மேனேஜர். "இதுக்குமேல எங்க வயித்துல அடிக்காதீங்க."

பாவமாக இருந்தது. சட்டென்று தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையிலேயே மெஷின் வந்து இறங்கியது. வீட்டுக்காரி பில்லை மூன்று முறை படித்தாள். "யாரு பேசினா?" என்மேல் விரல் வைத்துக் காட்டினேன். நம்பவில்லை. தூக்கி வந்தவர்தான் சாட்சி சொன்னார்: "சார் பயங்கரமான ஆளும்மா. கல்லுளிமங்கன்னு கடையில பேரே வச்சுட்டாங்க."

மத்தியானம் மச்சினன் வந்தான். பில்லை வாங்கிப் பார்த்தான். மெஷினைச் சுற்றி வந்தான். குனிந்து அடியில்கூடப் பார்த்தான். "ஏதாவது அடிபட்ட மாடலா இருக்கும் மாமா" என்றான். பதில் சொல்ல எனக்கு டாக்டர் அனுமதி இல்லை. புன்னகை மட்டும் செய்தேன். அது அவனை இன்னும் வதைத்தது.

ஃபேனைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

குரல் வந்துவிட்டது. முதல் வேலையாக உண்மையைச் சொன்னேன்: முழு விலை கொடுக்கத்தான் போனேன், தோற்றுவிட்டுத்தான் போனேன் என்று. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"இத வெளிய யார்கிட்டயும் உளறி வைக்காதீங்க."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மச்சினன் வந்தான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜ் போய்விட்டதாம். "அதே கடைக்குத்தான்கா போனேன். தொண்டத் தண்ணி வத்தப் பேசிட்டேன். ஒரு காசு குறைக்க மாட்டேங்கறான்."

வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்துவிட்டது, ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள். நிமிராமலே சொன்னாள்: "நீ பேசினதுதான்டா தப்பு. பேசாம உங்க மாமாவக் கூட்டிட்டுப் போ."

எனக்குத்தான் தொண்டை சரியாகிவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஊசியைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

போய் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். நல்ல காற்று.