ஏழாம் குழுவுக்குக் கொடுக்காத இரண்டாம் தாள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே அப்பா நலம், தங்கை நலம், நான் நெற்றியில் ஏழு தையலோடு நலம். போனில் நீ போட்ட கூச்சலில் நான் சொல்ல வந்ததைச் சொல்ல இடமே இல்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அந்தப் பொண்ண சும்மா விடாதீங்கம்மா, போலீஸ்ல குடுத்து உள்ள தள்ளுங்க என்றாய். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அவளைக் கல்லூரியில் வைத்துக்கொள்வதா, துரத்துவதா என்று முடிவு செய்வார்கள். அதற்கு முன் நீ முழுக் கதையையும் கேட்டாக வேண்டும்.

மருந்தியலை நான் இப்போது நின்று நடத்துவதில்லை. எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒரு நோயாளியின் கதையைத் தாளில் கொடுத்து, எந்த மருந்து, ஏன், எங்கே தப்பு என்று அவர்களையே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே கதை இரண்டு தாளில்: முதல் நாள் முதல் தாள், மீதிக் கதை உள்ள இரண்டாவது மறுநாள்தான். இந்த முறை எப்படி என்று போன மாதம் எல்லோரிடமும் எழுதி வாங்கினேன். தானாத் தேடிப் படிச்சது சாகுற வரைக்கும் மறக்காது என்று ஒருவன். மேடம் பாடம் எடுக்காம தப்பிக்கிறாங்க என்று ஒருத்தி, கொழுப்பைப் பார். ஏழாம் குழுவில் வாயே திறக்காத ஒருத்தி உண்டு, ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதித் தாளைக் கொடுத்துவிட்டு யார் மேல் தப்பு என்று கேட்காதீர்கள் என்று அவள் எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கதை, எங்கள் கல்லூரி மருத்துவமனையின் பழைய நோயாளிச் சீட்டு ஒன்றிலிருந்து பெயர்களை எடுத்துவிட்டுப் பதிவறை எழுத்தர் தட்டச்சு செய்து கொடுத்தது. நாற்பத்தாறு வயதுத் தையல்காரர், கை நடுங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வருகிறார். நடுக்கத்துக்கு மாத்திரை எழுதுகிறார்கள். போட்ட இரண்டு மணி நேரத்தில் மூச்சுக்குழாய் இறுகி, மருத்துவமனை வாசலிலேயே நீலம் பாரித்துச் சாகிறார். அவருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது, ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரை அது. முதல் தாள் அவ்வளவுதான். ஏழாம் குழுத் தலைவன் மேசையைத் தட்டி, அந்தாளு ஆஸ்துமாவ மறைச்சிருக்கான், செத்தது அவன் தப்பு, அடுத்த கேள்விக்குப் போலாம் என்றான்.

ஊமைக்கோட்டான் எழுந்தாள். இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் வாயிலேயே போட்டாள். இரண்டு பல் மேசைமேல் விழுந்தது, ரத்தம் வெள்ளைப் பலகை வரை தெறித்தது. எங்கப்பா ஆஸ்துமான்னு சொன்னாருடா, நான் பக்கத்துல நின்னு கேட்டேன்டா என்று அலறிக்கொண்டே, கீழே விழுந்தவனை மிதித்தாள். என் கை மட்டும் பூப்பறிக்குமா? அவள் சடையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். ஸ்டூல் என் பக்கம் திரும்பியது. அப்புறம் நாலு பேர் சேர்ந்து அவளைத் தரையில் குப்புறத் தள்ளி, கையை முறுக்கி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். அவள் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையடா.

ஏன் தெரியுமா? இரண்டாம் தாள் என் பையிலேயேதான் இருந்தது. அந்தத் தையல்காரர் ஆஸ்துமாவைச் சொல்லியிருக்கிறார், நர்ஸ் அதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் இருக்கிறாள். மருந்து எழுதியவன் புரட்டவில்லை. மறுநாள் கொடுத்துப் பிள்ளைகள் முழிப்பதைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன், பாவி. நெற்றியில் தையல் போட்டு முடித்ததுமே பதிவறைக்குப் போய் அசல் சீட்டை வாங்கினேன், அந்த மடையன் யார், கழுத்தை நெரிக்கிறேன் என்ற ஆத்திரத்தோடு. நாலு வருஷத்துக்கு முந்தைய சீட்டு. நீ அங்கே பயிற்சி டாக்டராக இருந்த மாதம். கையொப்பம் வரை போகத் தேவையிருக்கவில்லை. அந்தக் கோழிக்கிறுக்கலுக்காகச் சின்ன வயதில் உன் விரல் முட்டியில் அடித்தவள் நான்தானே.

வீட்டுக்கு வந்து உன் பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். அப்பா கண்ணாடியைப் பெருக்கினார். அவருக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரியுமா? அன்றைக்கு வாசலில் ஒரு மனிதர் செத்தது உன் காதில் விழவே இல்லையா? தெரிந்தும் மறைத்திருந்தால், அந்த ஸ்டூல் யார் மண்டையில் விழுந்திருக்க வேண்டும், நீயே சொல்.

வெள்ளிக்கிழமை சீட்டின் இரண்டு பக்கத்தையும் குழுவின் முன் வைக்கப் போகிறேன். பாதித் தாளைக் கொடுத்தது என் தப்பு, அவளை அறைந்ததும் தப்பு என்று எழுதிவிட்டேன். பல் போனவனுக்கு அவள் பதில் சொல்லட்டும், படிப்பைப் பறிக்க விடமாட்டேன். உன் பெயரை நான் சொல்வதற்குள் நீயே எழுதி அனுப்பு. பெற்ற பிள்ளையாயிற்றே, சீட்டைக் கிழித்துப் போடு என்று வயிறு கெஞ்சத்தான் செய்கிறது. கிழிக்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் என் ஆசி உனக்குக் குறையாது, நூறு வயசு தலை நிமிர்ந்து இரு. அந்தச் சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவையாவது பின்பக்கத்தைப் புரட்டிப் பார்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா